மோரிஸ் மைனர் டாங்கியில் துரு: கழுவலாமா, மாற்றலாமா?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா தோட்டத்துக் கிராணியாக (கணக்கராக) இருந்தபோது ஓட்டிய மோரிஸ் மைனர் 1000, மலேசியாவின் சுங்கை சிப்புட் வீட்டின் பின்கொட்டகையில் பதினொரு வருடம் நின்றிருக்கிறது. புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவியதும் எஞ்சின் பிடித்துவிட்டது. ஆனால் பத்து நிமிடம் ஓடி அணைந்துவிடுகிறது. ஃபில்டரில் காப்பித்தூள் மாதிரி ஏதோ படிகிறது. ஒரு போர்மேன் (மெக்கானிக்) பெட்ரோல் டாங்கியைத் தூக்கிப் போடச் சொல்கிறார், இன்னொருவர் உள்ளே சீலர் என்ற பூச்சுத் திரவம் ஊற்றினால் போதும் என்கிறார். எது சரி?

டாங்கியைக் கழற்றிப் பார்க்காமல் இரண்டையும் சொல்ல முடியாது. அதைக் கழற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனைகளும் உண்டு. முதலாவது டாங்கியின் மூடி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் அது பெரும்பாலும் மூடியில் இருக்கும் சிறு துளை வழியாகத்தான் போகும். துளை அடைத்திருந்தாலோ, துளையில்லாத வேறு வண்டி மூடியை யாராவது மாட்டியிருந்தாலோ டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் வண்டி பத்துப் பதினைந்து நிமிடத்தில் அணைந்துவிடும். துரு அடைப்பின் அறிகுறியும் அச்சு அசல் இதேதான். அடுத்த முறை அணைந்ததும் உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி மறுபடி பிடித்துக்கொண்டால் முதலில் மூடியைச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, பம்பின் சத்தம். மைனரில் பானெட்டுக்குள் இருப்பது எஸ்யூ கம்பெனி மின்பம்ப். அதன் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடலாம். விடாமல் படபடவென்று அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது: டாங்கி காலி, அல்லது உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் வெடிப்பு. வண்டி திணறும்போது டிக் சத்தம் மெதுவாகி நின்றுபோனால் அடைப்பு, இல்லையென்றால் பம்பின் பாயின்ட் (மின்தொடுமுனை) கரிந்திருக்கிறது. கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி ஒரு அளவுப் பாட்டிலுக்குள் விட்டு, சாவியை ஒரு நிமிடம் மட்டும் திறந்து வையுங்கள். சூடான எஞ்சினில் இதைச் செய்யாதீர்கள். நல்ல பம்ப், அடைப்பில்லாத குழாய் என்றால் அரை லிட்டருக்குக் குறையாமல் வரும். தொடக்கத்தில் நன்றாக வந்து பிறகு சுருங்கினால் தூசு வந்து அடைக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, ஹார்லிக்ஸ் பாட்டில். டாங்கியின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் தளர்த்தி முதலில் வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் குண்டாக நிற்கும், பாட்டிலைச் சாய்த்தால் உருளும். அதற்கும் அடியில் வண்டல் இருக்கும். அது செம்மண் நிறத்தில் மாவாக இருந்தால் மேலோட்டமான துரு. நகத்தளவு கருஞ்சிவப்புச் செதில்கள் இருந்தால் தகடே உரிகிறது. பழுப்பாக, விரலில் பிசினாக ஒட்டினால் அது துருவே அல்ல, பெட்ரோல் கெட்டு உறைந்த பிசின். பழைய வார்னிஷ் டப்பா நாற்றம் அடிக்கும். பதினொரு வருடம் நின்ற வண்டியில் துரு, பிசின் இரண்டும் இருக்கும். எது அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் கழுவும் முறை மாறும்.

இந்தத் துரு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லும் வேலைகளின் காரணமும் புரியும். பாதி நிரம்பிய டாங்கியில் மீதிப் பாதி காற்று. பகலில் கொட்டகைக்குள் வெந்து விரிந்து வெளியே போகும் காற்று, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது நம்மூர் ஈரக் காற்றை மூடித் துளை வழியாக உள்ளே இழுக்கும். அந்த ஈரம் மேல்தகட்டில் வியர்த்து வழிந்து அடியில் சேரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் அது கீழேயே கிடக்கும். ஆகவே துரு அதிகம் தின்னும் இடங்கள் இரண்டு: அடித்தகட்டின் மிகத் தாழ்ந்த பகுதி, பெட்ரோல் தொடாத மேல்தகடு. அடித்தகட்டை எல்லோரும் பார்ப்பார்கள். மேல்தகட்டைத்தான் மறந்துவிடுவார்கள்.

இனிக் கழற்றும் வேலை. மைனர் சலூனில் டாங்கி, பூட்டின் (பின்பக்கச் சாமான் அறையின்) தரைக்கு அடியில் இருக்கிறது. பிற்காலத்து 1000 சலூன்களில் கொள்ளளவு ஆறரை கேலன், ஏறத்தாழ 30 லிட்டர். முதல் வேலை பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுவது. பிறகு வண்டியைக் கொட்டகையிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே பறந்து போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கார் போர்ச்சும் முன்கூடமும் ஒரே தரையாக ஓடுகின்றன, சாமி மேடையில் விளக்கு எரிகிறது. டாங்கி வேலையைப் போர்ச்சில் வைத்துக்கொண்டு மாலை விளக்கேற்றும் நேரம் வரை இழுப்பது உயிருக்கு உலை வைப்பது. காலையில் தொடங்குங்கள். காலி டாங்கிதான் நிரம்பிய டாங்கியைவிட ஆபத்து என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும், காலி டாங்கிக்குள் அந்தக் கலவை எப்போதும் தயாராக இருக்கும்.

வடித்த பழைய பெட்ரோலை லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாதீர்கள், புல்வெட்டும் மெஷினுக்கும் ஊற்றாதீர்கள். கழிவு எண்ணெய் எடுக்க ஆள் வரும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடலாம். பிறகு கழற்ற வேண்டியவை: டாங்கியில் பெட்ரோல் அளவு பார்க்கும் மீட்டரின் வயர், பெட்ரோல் குழாய், நிரப்பும் குழாயை இணைக்கும் ரப்பர் ஹோஸ், விளிம்பைச் சுற்றி வரும் திருகுகள். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். அப்படியும் பாதித் திருகுகள் தலை உடையும். அங்கே கிரைண்டர் வேண்டாம், கை வாளால் அறுங்கள். ஹோஸை வெட்டியே எடுங்கள், எப்படியும் புதிது போடத்தான் போகிறோம். டாங்கிக்கும் பூட் தரைக்கும் நடுவில் மண் அடைந்து, ஈரம் தங்கி, டாங்கியை வெளியிலிருந்தும் தின்றிருக்கும். இறக்கியதும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் வோக்ஸ்வேகன் பீட்டில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் 40 லிட்டர் டாங்கி முன்பக்கம், உயரத்தில். ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் தானாக ஓடி வரும், முதலில் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்குங்கள். டட்சன் 120ஒய் மாதிரி வண்டிகளில் பம்ப் எஞ்சினிலேயே இருப்பதால் டிக் சத்தப் பரிசோதனை பலிக்காது. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

டாங்கி கையில் வந்ததும் கழுவுவதா மாற்றுவதா என்பதை உளியோ சுத்தியலோ இல்லாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தீர்மானிக்கலாம். வெளிப்பக்கத்து மண்ணையும் பழைய தாரையும் சுரண்டிவிட்டு அடித்தகட்டை இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டி வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். தேய்ந்த தகடு 'டொக்' என்று செத்த குரலில் பேசும். செத்த குரல் வந்த இடத்தில் ஒரு குத்தூசியை வைத்துக் கட்டைவிரல் பலத்தால் அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், இப்போது தெரிவது நல்லது. ஓட்டை ஒன்றிரண்டு, குண்டூசித் தலை அளவு, சுற்றியுள்ள தகடு கெட்டி என்றால் ஈயம் வைத்து அடைக்கலாம். மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் விளிம்புத் தையல் இற்றிருந்தாலோ, ஒரு கையளவு இடமே மெத்தென்று அமுங்கினாலோ அந்த டாங்கிக்கு மேல் காசு செலவழிக்காதீர்கள். நேராக மாற்றும் பகுதிக்குப் போங்கள்.

தேறியது என்று வைத்துக்கொள்வோம். கழுவுவதில் ஒரு வரிசை உண்டு: முதலில் பிசின், பிறகு துரு. பலர் நேராக ஆசிட் ஊற்றிவிட்டு, துரு போகவில்லை என்று ஆசிட்டைக் குறை சொல்வார்கள். பிசின் பூசிய துருவை ஆசிட் தொடவே தொடாது. பாதி வாளி வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் கரைத்து ஊற்றி, குலுக்கி, ஒரு மணி நேரம் ஊற விட்டுக் கொட்டுங்கள். இதையே மூன்று முறை செய்யுங்கள். பெட்ரோல் வாடையும் இதில்தான் போகும். அதன் பிறகும் உள்ளே பளபளப்பான பழுப்புப் படலம் தெரிந்தால் ஒரு லிட்டர் லாக்கர் தின்னர் ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டி எடுத்து, மறுபடி சோப்புத் தண்ணீர்.

அடுத்து உரசல். கூழாங்கல், நட், சங்கிலி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சங்கிலியே நல்லது. இரண்டு மீட்டர் சன்னச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கினால் ஒரே இழுப்பில் மொத்தமும் வெளியே வரும். நட் போடுவதானால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். உள்ளே பெட்ரோல் அலையாமல் தடுக்கும் குறுக்குத் தகட்டுக்குப் பின்னால் ஒன்று மாட்டிக்கொண்டால் ஆயுளுக்கும் கடகடவென்று அடிக்கும். கையால் குலுக்கினால் இருபது நிமிடத்தில் தோள் போய்விடும். வீடு கட்டும் இடத்தில் சிமெண்டு கலக்கும் மெஷின் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். டாங்கியைப் பழைய மெத்தையில் சுற்றி உள்ளே நெருக்கிக் கட்டி, மெதுவாக அரை மணி நேரம் சுற்ற விடலாம். பிறகு டாங்கியைத் திருப்பிக் கட்டி இன்னொரு அரை மணி நேரம். சங்கிலியோடு இரண்டு லிட்டர் சோப்புத் தண்ணீரும் இருக்கட்டும், காய்ந்த உரசல் வேண்டாம்.

இப்போதுதான் ஆசிட். என் தேர்வு சிட்ரிக் ஆசிட். கேக் சாமான் விற்கும் கடைகளில் வெள்ளைத் தூளாகக் கிலோ கணக்கில் கிடைக்கும். லிட்டருக்கு 70 கிராம் கணக்கு. 30 லிட்டர் டாங்கிக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் வேண்டும். வெந்நீரில் கரைத்து, விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி ஊற்றினால் மேல்தகடு துருவோடு அப்படியே நிற்கும், முன்னே சொன்னேனே. மீட்டர் ஓட்டையைச் சைக்கிள் டியூப் ரப்பரும் பலகைத் துண்டும் வைத்துத் திருகால் மூடலாம். ஆனால் நிரப்பும் வாயை இறுக்கி மூடக் கூடாது, உள்ளே ஹைட்ரஜன் குமிழிடும். நம் வெயிலில் 12 மணி நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத் தகடு தெரிந்து, அங்கங்கே கருப்பு மிச்சம் இருந்தால் இன்னொரு 6 மணி நேரம். 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். துரு தீர்ந்த பிறகு ஆசிட் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

வினிகரும் வேலை செய்யும், மெதுவாக. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கார் டாங்கிகள் பல ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய தகட்டில் செய்தவை. குழாய் இணைப்புகளிலும் ஈயப் பற்று உண்டு. வினிகர் அந்த ஈயத்தைக் கரைத்து நஞ்சாக்கிவிடும். சிட்ரிக் ஆசிட் கழிவையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். கிணற்றடியிலும் காய்கறிப் பாத்தியிலும் ஊற்றாமல், டப்பாவில் அடைத்து, பழைய பெட்ரோலைக் கொடுத்த இடத்திலேயே சேருங்கள். கையுறை இல்லாமல் வேலை வேண்டாம்.

தோட்டப்புறத்தில் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று: ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட். சில வீடுகளில் ஒரு டின் இன்னும் கிடக்கும், 'ஆசிட்தானே' என்று கை அதற்குப் போகும். அது பார்மிக் ஆசிட். கெட்டியாக இருக்கும்போது தோலை வெந்து உரிய வைக்கும், அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. அளவு தெரியாமல் ஊற்றினால் மெல்லிய தகட்டையும் ஈயப் பற்றையும் சேர்த்துத் தின்னும். டாங்கிக்கு வேண்டாம். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் அப்படித்தான். பத்தே நிமிடத்தில் துருவை எடுத்துவிடும். ஆனால் தையலுக்குள் புகுந்த குளோரைடை எவ்வளவு கழுவினாலும் முழுக்க எடுக்க முடியாது, மூன்றே மாதத்தில் தையல் ஓரத்திலிருந்து புதுத் துரு கிளம்பும்.

மின்சாரத்தில் துரு எடுக்கும் முறையும் உண்டு. நிதானமான ஆளுக்கு அது நல்ல முறை, நல்ல இரும்பைத் தின்னாது. லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், நடுவில் ஒரு கட்டடக் கம்பி, பழைய மாடல் 12 வோல்ட் சார்ஜர். சார்ஜரின் நெகடிவ் டாங்கிக்கு, பாசிடிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதில் டாங்கி கரையும். கம்பி டாங்கியைத் தொடாதபடி மரக்கட்டையில் துளையிட்டுப் பிடிக்க வையுங்கள். எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுக் கரைசலாக இறங்கும். இந்த முறையின் குறை, கம்பிக்கு நேர் எதிரே உள்ள இடம்தான் நன்றாகத் துலங்கும், குறுக்குத் தகட்டின் முதுகு அப்படியே இருக்கும். இதிலும் ஹைட்ரஜன் வரும், திறந்தவெளியில் செய்யுங்கள். சார்ஜர் கிளிப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் சுவரில் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். பெட்ரோல் வாடை துளியாவது இருக்கும் டாங்கியில் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இனி வருவதுதான் வேலையில் கடினமான அரை மணி நேரம். துருவை எடுப்பதற்கு இரண்டு நாள் உழைத்தவர்கள் கெட்டுப்போவது இங்கேதான். ஆசிட்டைக் கொட்டியதும் உள்ளே இருப்பது பாதுகாப்பே இல்லாத அம்மண இரும்பு. நம்மூர் ஈரத்தில் கால் மணி நேரத்துக்குள் பால் கலக்காத தேநீர் நிறத்தில் ஒரு படலம் ஏறும். அதனால் கொட்டுவதற்கு முன்பே அடுத்தடுத்த வாளிகள் வரிசையாகத் தயாராக நிற்க வேண்டும். மழை வரும் என்றால் அன்று தொடங்காதீர்கள். சுங்கை சிப்புட்டில் மதியத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. காலை பத்து மணிக்கு ஆசிட்டைக் கொட்டி, ஒரு மணிக்குள் காய்ந்த டாங்கி கையில் இருக்க வேண்டும்.

ஆசிட் கொட்டியவுடன் ஒரு முறை தண்ணீர். உடனே 250 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிப் பத்து நிமிடம். பிறகு மறுபடி நல்ல தண்ணீர், முடிந்தால் வெந்நீர். சூடான தகடு தானே வேகமாக உலரும். இதற்குப் பிறகு, பெயிண்ட் கடைகளில் உலோகத்துக்கு விற்கும் பாஸ்பாரிக் ஆசிட் கரைசலில் ஒரு லிட்டரை ஊற்றி, டாங்கியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, புட்டியில் போட்ட நேரம் வரை நனைய விட்டு வடித்துவிடுங்கள். அது தகட்டின் மேல் மங்கிய சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சை விடும். அந்தப் பூச்சு துருவை நிரந்தரமாகத் தடுக்காது, ஆனால் காய வைக்க அவகாசம் வாங்கிக் கொடுக்கும்.

காய வைப்பதற்கு ஹேர் டிரையர் போதும், டாங்கியில் தின்னர், ஸ்பிரிட், பெட்ரோல் எதுவும் மிச்சமில்லை என்று உறுதியாக இருந்தால் மட்டும். மீட்டர் ஓட்டையில் சூடான காற்றை விட்டு, நிரப்பும் வாயில் அது வெளியே வர விடுங்கள். குறுக்குத் தகட்டின் மூலையில் தண்ணீர் ஒளிந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டாங்கியைத் தலைகீழாக்குங்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட் அரை லிட்டர் ஊற்றிக் குலுக்கினால் மூலைத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும், ஆனால் அதற்கப்புறம் டிரையரைக் கிட்டே கொண்டு போகக் கூடாது. தள்ளி வைத்த கம்ப்ரஸரிலிருந்து நீண்ட ஹோஸில் காற்று விடுங்கள். கம்ப்ரஸர் காற்றிலும் நம்மூரில் தண்ணீர் வரும் என்பதால் நீர் பிரிக்கும் வடிகட்டி அவசியம். வெற்று வெள்ளைத் துணியை ஒரு கம்பியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி ஈரமில்லாமல், பழுப்பில்லாமல் வந்தால் 200 மில்லி 2டி எண்ணெயை (டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எண்ணெயை)ச் சிறிது பெட்ரோலில் கலந்து உள்ளே பூசி மூடிவிடுங்கள். சீலர் போடப்போவதாக இருந்தால் எண்ணெய் பூசக் கூடாது.

சீலரைப் பற்றி இரண்டாவது போர்மேன் சொன்னது பாதி உண்மை. போர்-15 போன்ற சீலர்கள் நல்ல பொருள்தான். ஆனால் அவை பெயிண்ட் இல்லை, கீழே தகடு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு, தளர்ந்த துரு, ஈரம் இவற்றில் எது இருந்தாலும் ஒரு வருடத்துக்குள் தோலாக உரிந்து, உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி உரிந்ததை எடுக்கும் வேலை துரு எடுப்பதைவிடப் பத்து மடங்கு கொடுமை. ஓட்டையில்லாத, நன்றாகத் துலங்கிய டாங்கிக்குச் சீலர் தேவையில்லை. குண்டூசித் துளைகளை அடைத்த டாங்கிக்கு மட்டும் போடுங்கள். போட்டால், ஊற்றியதும் எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை முழுக்க வடித்துவிடுங்கள். அடியில் குளமாக நின்றால் உள்ளே காயாது. உறிஞ்சும் குழாய், காற்றுக் குழாய் இரண்டிலும் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஊதிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் அவையும் அடைந்துவிடும். பெட்ரோல் ஊற்ற நான்கு நாளாவது பொறுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் இரண்டு நாள்.

ஓட்டை அடைப்பது வெல்டிங் கடை வேலை அல்ல, ரேடியேட்டர் கடை வேலை. வெல்டிங் பொறி எவ்வளவு கழுவிய டாங்கியிலும் தையலுக்குள் ஒளிந்த பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும். ரேடியேட்டர் கடையில் ஓட்டை மேலே வரும்படி டாங்கியைச் சாய்த்து, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, தள்ளி வைத்துச் சுட்ட செம்புக் கட்டியால் ஈயம் வைப்பார்கள். ஓட்டையைவிட அகலமான தகரத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள், வெறும் ஈயப் பொட்டு அதிர்வில் விடும். ஈப்போவில் பழைய ரேடியேட்டர் கடைகளில் இந்தக் கைவேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடைத்த பிறகு சோதிக்கக் கம்ப்ரஸர் வேண்டாம். எல்லா ஓட்டையையும் மூடி, சைக்கிள் பம்பால் இரண்டு மூன்று அடி, மேலே சோப்பு நுரை. அவ்வளவு அழுத்தம் போதும், அதற்கு மேல் போனால் தட்டையான தகடு உப்பிவிடும்.

மாற்றுவது என்று முடிவானால் வழி மூன்று. மைனருக்குப் புது டாங்கி இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள், மைனர் சாமான்களுக்கென்றே உள்ள கடைகள் அனுப்பும். வந்ததும் அப்படியே மாட்டிவிடாதீர்கள். உள்ளே பூசியிருக்கும் காப்பு எண்ணெயைக் கழுவி, மீட்டர் ஓட்டையின் திருகுத் துளைகள் உங்கள் மீட்டரோடு பொருந்துகின்றனவா என்று தரையிலேயே பாருங்கள். பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில்) பழைய டாங்கி கிடைத்தால் அது உங்கள் டாங்கியின் வயதுதான். தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மூன்றாவது, எவர்சில்வர் பட்டறையில் செய்வது. 304 ரகத் தகடு, 1.2 மில்லிமீட்டர் கனம், குறுக்குத் தகடு கட்டாயம், டிக் (TIG) வெல்டிங். பழைய டாங்கியை எறியாமல் அச்சாகக் கொடுங்கள். இந்த வகையில் கெடுவது துருவால் அல்ல, வெல்டிங் ஓரத்து வெடிப்பால். பூட் தரைக்கும் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் பட்டை இல்லாமல் இறுக்கினால் குண்டும் குழியுமான தோட்டச் சாலை அதை ஒரே வருடத்தில் வெடிக்க வைக்கும். நான் தேர்ந்தெடுப்பதானால் முதல் வழிதான். தபால் செலவைப் பார்த்து மலைத்தாலும் பட்டறைக் கூலியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் வராது.

திரும்ப மாட்டும்போது மீட்டரின் கார்க் வாஷரைப் புதிதாக்குங்கள். சாதாரண சிலிக்கான் பசை தடவாதீர்கள், பெட்ரோலில் ஊறிக் கொழகொழவென்று வரும். பெயிண்ட் அடித்த டாங்கியிலும் சீலர் போட்ட டாங்கியிலும் மீட்டர் முள் அசையவில்லை என்று புலம்புவது வழக்கம். மீட்டருக்கு எர்த் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மீட்டரின் ஒரு திருகிலிருந்து பாடியின் சுரண்டிய இடத்துக்குத் தனி வயர் இழுத்துவிடுங்கள். ஹோஸ் எல்லாம் புதிது. டாங்கியிலிருந்து பம்ப் வரை ஓடும் இரும்புக் குழாயை மாட்டுவதற்கு முன், பம்ப் பக்கத்திலிருந்து டாங்கி பக்கமாகக் காற்று ஊதி, தின்னர் விட்டுக் கழுவுங்கள். பம்பின் அடியில் ஒரு பித்தளை வலை வடிகட்டி இருக்கிறது, அதைப் பலர் திறந்ததே இல்லை. துலங்கிய டாங்கியை அடைபட்ட வலையோடு மாட்டிவிட்டு மறுபடி அதே பத்து நிமிடத்தில் அணைந்து நிற்பவர்கள் நிறைய. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தையும் மறுபடி துடையுங்கள். முன்பு கழுவியதற்கு அப்புறமும் துரு வந்திருக்கும்.

டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில், பெரிய அளவுள்ள, உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்று வையுங்கள். சின்ன மோட்டார் சைக்கிள் ஃபில்டர் இழுப்பைத் தடுக்கும். முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, சாவியைத் திறந்து, எஸ்யூ டிக் டிக் என்று நிறைந்து தானாக அடங்குகிறதா என்று கேளுங்கள். அடங்கியும் சில விநாடிக்கு ஒரு டிக் வந்துகொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது கார்புரேட்டர் ஊசி மூடவில்லை. டாங்கி அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து இரவெல்லாம் விட்டுக் காலையில் பாருங்கள். சரி என்றால் முழுக்க நிரப்புங்கள், ரோன் 95 பெட்ரோல் போதும். ஃபில்டரை முதல் 50 கிலோமீட்டரில் ஒன்று, 200-இல் ஒன்று, 500-இல் ஒன்று என்று மாற்றுங்கள். எவ்வளவு கழுவினாலும் தையல் ஓரத்து மாவு குலுங்கி வரத்தான் செய்யும். மூன்றாவது ஃபில்டரிலும் செதில் தெரிந்தால் மட்டும் டாங்கியை மறுபடி சந்தேகப்படுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தும்போது டாங்கி பாதியாக இருக்க வேண்டாம், கழுத்து வரை நிரப்பியே நிறுத்துங்கள். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்ததும், அதே ஹார்லிக்ஸ் பாட்டிலை வடிகால் போல்ட்டுக்குக் கீழே பிடித்து ஒரு கிளாஸ் அளவு எடுத்துப் பாருங்கள்.